இரண்டு தெரு தள்ளி ஒரு நல்ல ஹோட்டல்

1

என் மாமியார் இறந்து, போன வாரத்தோடு ஒரு வருஷம் ஆயிற்று. தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் திதி பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஆங்கிலத் தேதியையே வைத்துக்கொண்டோம். என் மனைவி துளசி அன்று வேலைக்குப் போகவில்லை. சமையலறை மேடையைத் துடைத்து, தன் அம்மாவின் படத்தை வைத்து, விளக்கேற்றினாள். பூ கிடைக்கவில்லை. கடையில் இருந்த பூவெல்லாம் ஈஸ்டருக்கு விற்கிற மஞ்சள் பூ. அதில் இரண்டை வாங்கி வந்து வைத்தாள்.

எங்கள் மகள் அமலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். இப்போது பதினொன்று நடக்கிறது அவளுக்கு. ஈர ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், படத்தையும் விளக்கையும் பார்த்ததும் சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஜெர்மனில், நான் மாடிக்குப் போய்விடட்டுமா என்று கேட்டாள்.

எதற்கு என்றாள் துளசி.

"யாராவது வருவாங்களா?" என்று தமிழில் கேட்டாள் அமலா.

யாரும் வரமாட்டார்கள், வந்து கும்பிடு என்று சொன்னோம். தலையாட்டினாள். ஆனால் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியேறிப் போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். துளசி விளக்கைப் பார்த்தபடியே நின்றாள்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எங்களிடம் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். பனியைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும், அரிசி கிடைக்கிறதா, வெள்ளைக்காரர்கள் மரியாதை கொடுக்கிறார்களா என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தீர்களே, எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால்தான் எனக்கு வாய் வராது. கோயமுத்தூரில் ஒரு நல்ல ஹோட்டலில் தங்கினோம். அதைத்தான் எழுதுகிறேன்.

2

துளசியின் குடும்பம் காங்கேயம் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். பிறகு கோயமுத்தூருக்கு வந்து பம்பு செட் கம்பெனி ஆரம்பித்து நன்றாக வந்துவிட்டார்கள். என் குடும்பம் அப்படிப்பட்ட நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம். என் அப்பா காலத்தில் நாங்கள் கிறிஸ்தவர்களாகி, மிஷன் பள்ளிக்கூடம் புண்ணியத்தில் நான் பீளமேட்டில் என்ஜினீயரிங் படித்தேன். அதே சாலையில் இருந்த வேறொரு கல்லூரியில் துளசி படித்தாள். பஸ்ஸில் ஆரம்பித்தது. கல்யாணம் சிங்காநல்லூரில் ஒரு சின்னச் சர்ச்சில் நடந்தது. எங்கள் பக்கம் என் அக்கா எஸ்தரும் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்கள். துளசி பக்கம் யாருமில்லை.

அடிதடி எதுவும் நடக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். துளசிக்கு அப்பா இல்லை; அவள் அண்ணன் தங்கவேல் ஆள் அனுப்பி, இனிமேல் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நூல் மில் இயந்திரம் செய்கிற இந்த ஜெர்மன் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டோம். அமலா இங்கேதான் பிறந்தாள்.

பொங்கலுக்குப் பொங்கல் துளசி வீட்டுக்கு போன் போடுவாள். யாரோ எடுத்துக் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள். சில வருஷம் கழித்து அவள் அம்மாவே எடுக்க ஆரம்பித்தார். பேசமாட்டார். பக்கத்தில் ஆள் இருக்கும் போலிருக்கிறது. மூச்சு மட்டும் கேட்கும். துளசி இந்தப் பக்கம் அமலாவுக்குப் பல் விழுந்தது, அமலா சைக்கிள் பழகியது என்று சொல்லிக்கொண்டே போவாள். அந்தப் பக்கம் மூச்சு.

போன வருஷம் தங்கவேலே கூப்பிட்டார். அம்மாவுக்குக் கல்லீரலில் புற்று, ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், துளசி பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், புறப்பட்டு வரட்டும் என்றார். எல்லோரும் வரலாமா என்று கேட்டேன். தங்குவதற்கு நல்ல இடம் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அமலாவுக்கு லீவு வாங்க வேண்டியிருந்தது. இங்கே பள்ளிக்கூடத்து லீவு என்பது சர்க்கார் விஷயம். இஷ்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனால் அபராதம் போடுவார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். நெருங்கிய உறவின் சாவுக்கு லீவு தர வழி இருக்கிறது, உடம்பு சரியில்லாத பாட்டியைப் பார்க்கத் தர வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். நான் பதற்றத்தில், அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்வதற்குப் பதிலாகச் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அந்த மொழியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அவர் உடனே எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கி அனுதாபம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திருத்த வாயெடுத்தேன். திருத்தினால் லீவு போய்விடும். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

3

விமான நிலையத்துக்குக் கம்பெனிக் கார் வந்திருந்தது. டிரைவர் பெட்டிகளை வாங்கி வைத்தார். பீளமேட்டுச் சாலையில் வரும்போது துளசி கண்ணாடியை இறக்கிவிட்டு, அமலாவுக்குத் தன் கல்லூரியைக் காட்டினாள். பிறகு வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் செம்பருத்தி இருக்கும், பின்னால் மாமரம் இருக்கும், உன் பாட்டி, அம்முச்சி, கீழ் ரூமில்தான் படுத்திருப்பாங்க என்று. கார் வீட்டுக்குப் போகவில்லை. ரேஸ்கோர்ஸுக்குப் பின்னால் ஒரு தெருவில் திரும்பி, ஹோட்டல் வாசலில் நின்றது.

அந்தப் பக்கத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். உயரமான காம்பவுண்டுச் சுவர்கள், உள்ளே தள்ளிப் பங்களாக்கள். பகலிலும் சத்தம் இருக்காது. எப்போதாவது ஒரு மாருதி கார் போகும், நாய் குரைக்கும். நடுவில் இந்த ஹோட்டல். முன்னால் புல்வெளி, ஓரத்தில் ஊஞ்சல். எங்கள் அறையில் ஏ.சி., வெந்நீர், கனமான துண்டுகள், தட்டு நிறையப் பழம். கட்டிலில் உட்கார்ந்தால் உள்ளே போகும். நான் படிக்கிற காலத்தில் இந்தத் தெரு வழியாக சைக்கிளில் போனால் கூர்க்கா நிறுத்தி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். இப்போது காவலாளி சல்யூட் அடித்தார். துளசியின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

தங்கவேல் வரவேற்புக் கூடத்தில் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தங்கையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அமலாவின் தலையைத் தொட்டார். டீ வரவழைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினார்.

"துளசி தாராளமா வந்து அம்மா கூட இருக்கட்டுமுங்க. காலைல கார் வரும், சாயங்காலம் கொண்டாந்து உட்டுருவாங்க. நீங்களும் கொழந்தையும் இங்கயே இருந்துக்கோங்க சார். ஒரு கொறையும் இருக்காது."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் தன் பெரிய மகளுக்கு ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக் குடும்பத்தில் பேசி முடித்திருப்பதாகச் சொன்னார். அம்மாவைப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் வந்து போகிறார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள் என்றார்.

எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க சார். தெரிஞ்ச மாதிரி இன்னைக்கு வரைக்கும் யாரும் காட்டிக்கல. அது அப்படியே இருந்துபோட்டுப் போகட்டுமுங்க."

தங்கையின் புருஷனை எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்பார்கள். அவர் எத்தனையோ தடவை என்னை விளித்தார், ஒவ்வொரு தடவையும் சார். குரலை உயர்த்தவில்லை. முகம் கோணவில்லை. ஏர்கண்டிஷன் போதுமா என்று கூடக் கேட்டார். நான் கோபப்பட ஒரு இடம் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை.

துளசி அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல், திரும்பிப் போகலாம் என்றாள். நான்தான் போகச் சொன்னேன். உன் அம்மா, உன்னைத்தான் கூப்பிடுகிறார், நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம் என்றேன். அவள் குளியலறைக்குப் போய் வந்தாள். விரலில் மோதிரம் இல்லை. கழுத்தில் இருந்த சிலுவை கோத்த தாலிச் சங்கிலியையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அமலா ஊஞ்சலில் ஆடப் போயிருந்தாள். கீழேயிருந்து சங்கிலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

4

பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. காலையில் கார் வந்து துளசியைக் கூட்டிப் போகும். நானும் அமலாவும் கீழே இறங்கி இட்லி சாப்பிடுவோம். பரிமாறுகிறவர்களுக்கு அமலா மேல் ரொம்பப் பிரியம். அவள் பேசுகிற தமிழைக் கேட்க ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். புல்வெளியில் உட்கார்வோம். அறைக்குப் போய் டி.வி. பார்ப்போம். மறுபடி சாப்பிடுவோம். வரவேற்பில் இருந்தவர், மேடம் கம்பெனி வேலையாக வந்திருக்கிறார்களா என்று என்னிடம் விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே இப்போது இரவு ஷிப்டு முடிந்து வருகிறபோது, பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே அந்த நாட்களை நினைப்பேன். இந்த ஊருக்கு நாங்கள் வந்த புதிதில் யாரும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். மொழி தெரியாதவர்கள், நிறம் வேறு, கூப்பிடாதது பெரிதாகப் படவில்லை. மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டுக் கிழவர் கேக் கொடுத்தார், அமலாவின் சிநேகிதி வீட்டில் பிறந்தநாளுக்கு அழைத்தார்கள். வேற்று நாட்டில் கதவு திறந்ததற்கு நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். கோயமுத்தூரில் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் யோசித்தேன். சாப்பாடு வந்தது, துண்டு மாற்றினார்கள், கொசு வராமல் மருந்து அடித்தார்கள். இரண்டு தெரு நடக்க எனக்கு அனுமதியில்லை.

சாயங்காலம் துளசி வருவாள். புடவையில் டெட்டால் வாசம் அடிக்கும். அம்மா இன்று கஞ்சி இரண்டு வாய் குடித்தார், அம்மா என் கையை விடவே இல்லை என்று சொல்வாள். ஒருநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா காதோடு ஒன்று சொன்னார் என்றாள். கொழந்தையக் கூட்டிட்டு வா, பாத்துக்கறேன் என்றாராம். உங்களையும் கேட்டார் என்றாள். என்ன கேட்டார் என்றேன்.

"நல்லா வெச்சிருக்கறாரான்னாங்க."

தங்கவேலிடம் துளசி கெஞ்சியிருக்கிறாள். அவர் மறுக்கவில்லை. மத்தியானத்தில் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு, வீடு காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்துக் கார் அனுப்புகிறேன், குழந்தை வந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறார்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அமலாவுக்குப் பாவாடை சட்டை போட்டுவிடுவேன். துளசி இதற்கென்றே வாங்கி வந்த பச்சைப் பட்டுப் பாவாடை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவேன். இருவரும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வெளியே கார் சத்தம் கேட்டால் அமலா ஜன்னலுக்கு ஓடுவாள். வேறு யாராவது இறங்குவார்கள். வெயில் சாயும். பாவாடையை அவிழ்த்து மடித்து வைப்பாள்.

அம்முச்சியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்கக் கூடாது, நான் அமலா வந்திருக்கிறேன் அம்முச்சி என்று சொல்ல வேண்டும். அவள் மனதில் ஜெர்மனில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். ஒரு மத்தியானம், காத்திருந்து சலித்துப்போய், "அம்முச்சி எப்பப்பா முடியும்?" என்றாள். எப்போது குணமாகும் என்று கேட்க நினைத்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. திருத்தினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வந்த உறவுகள் கிளம்பவில்லை. கிளம்பினால் வேறு உறவு வந்தது. சாகப்போகிறவரைப் பார்க்க வருவது அவர்களில் ஒருவரும் தவறவிடாத கடமை.

5

எஸ்தர் அக்காவுக்கு நாங்கள் வந்திருப்பதையே சொல்லவில்லை. ஒருநாள் தாங்கமாட்டாமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அவள் பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாளே சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் டிபன் கேரியர். காவலாளி அவளை உள்ளே விடாமல் மேலே எனக்குப் போன் செய்தார். நான் இறங்கிப் போய்க் கூட்டி வந்தேன்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அதில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். அமலாவைப் பிடித்து மடியோடு சேர்த்துக்கொண்டு, கேரியரைத் திறந்து கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். அமலா இதற்குமுன் அத்தையைப் பார்த்ததில்லை. ஆனாலும் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். பிள்ளையை நான் கூட்டிப் போகிறேன், என் வீட்டில் நாலு பிள்ளைகளோடு விளையாடட்டும் என்றாள். முடியாது, எந்த நேரமும் கார் வரலாம் என்றேன்.

"வராது சாமி," என்றாள் அக்கா.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"நம்ம அப்பன் அவங்க மாதிரி ஆளுக ஊட்டு வாசல்ல நின்னாரு. உள்ள உடலீன்னு அவருக்குத் தெரியும், அதனால நின்னாரு. உன்னையக் கட்டல்ல படுக்க வெச்சு வெளிய நிறுத்தியிருக்கறாங்க. அது உனக்குத் தெரியல."

தெரியுமக்கா என்றேன்.

"தெரிஞ்சா எந்திரி. ரெண்டு தெருவு. புள்ளையக் கையப் புடிச்சுட்டு நடந்து போ. என்ன, வெட்டிப் போடுவாங்களா?"

வெட்டமாட்டார்கள். எனக்கிருந்த பயம் வேறு. நான் போய் நின்றால் துளசியையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கையை விட்டு அவள் வெளியே வர வேண்டியிருக்கும். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, அந்தக் கெழவிக்கும் ஆசை இருக்குமல்லடா என்றாள். கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஏறும்போது மறுபடி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

6

அன்றே போனேன். அமலாவுக்குப் பச்சைப் பாவாடை கட்டிவிட்டேன். நல்ல வெயில். மர நிழலிலேயே நடந்தோம். அமலா நான் அம்முச்சி அமலா வந்திருக்கிறேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். வார்த்தை இடம் மாறி வந்தது. பரவாயில்லை என்றேன்.

கேட் திறந்திருந்தது. உள்ளே படியோரம் நிறையச் செருப்புகள். மூன்று கார்கள் நின்றன. செம்பருத்தி இருந்தது, மாமரம் தெரியவில்லை. கீழ் அறை ஜன்னலில் பச்சைத் திரை. அதற்குப் பின்னால்தான் துளசி உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

தங்கவேல் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். வெளியே வந்து கேட்டைப் பாதி சாத்திக்கொண்டார்.

"வாங்க சார். சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே."

குழந்தையை ஒரே ஒரு நிமிஷம் உள்ளே அனுப்புங்கள், நான் தெருவிலேயே நிற்கிறேன் என்றேன். அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். ஈரோட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் பெரியப்பாவே வந்திருக்கிறார், இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்றார். நெற்றியில் வேர்வை வடிந்தது. அந்த மனிதரும் தூங்கிப் பல நாளாகியிருக்கும்.

"எம்புள்ள வாழ்க்கைங்க," என்றார். "நாளைக்குக் காலைல ஊட்டுல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. நானே வந்து கூட்டிட்டு வாரேன். எங்கம்மா மேல சத்தியமுங்க."

இதுவும் என் பிள்ளைதான் என்று சொல்ல வந்தேன். அமலா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் வெளியே வந்து, யாருங்க அது என்று கேட்டாள். தங்கவேல் திரும்பாமலே, கம்பெனி விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னார்.

நான் கேட்டைத் தள்ளியிருக்கலாம். கத்தித் துளசியைக் கூப்பிட்டிருக்கலாம். இந்த ஒரு வருஷமாக எத்தனையோ முறை மனசுக்குள் தள்ளியும் கத்தியும் பார்த்துவிட்டேன். அன்று, காலையில் நிச்சயம்தானே என்று மட்டும் கேட்டேன். அவர் கைகூப்பினார். அமலாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

வழியில் அமலா, நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரிந்தால் ஏன் கேட்கிறார்கள் என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, நாம் உள்ளே போனால் அந்த மாமாவுக்குக் கஷ்டம் வருமா என்று கேட்டாள். வரலாம் என்றேன். அவள் சரி என்றாள்.

அன்று சாயங்காலம் கார் வரவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை, ராத்திரி கூட இருக்கிறேன் என்று துளசி போனில் சொன்னாள்.

7

விடிந்ததும் போன் அடித்தது. நான் அமலாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன்.

"ஏனுங்க, அம்மா போயிட்டாங்க," என்றாள் துளசி.

நாங்கள் வரட்டுமா என்று கேட்டேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

தலைமையாசிரியரிடம் நான் சொன்னது உண்மையாகிவிட்டது. அதுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் மற்றதெல்லாம்.

தங்கவேல் வரவில்லை. அவர் எப்படி வருவார். அமலாவிடம் சொன்னேன். அவள் பாவாடையை எடுத்து வைத்திருந்தாள். கேட்டுவிட்டு, அதை மறுபடி பெட்டிக்குள் வைத்து, கவுனைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பறைச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு தெருவுக்குள். ஹோட்டலில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்தார்கள். காவலாளி எங்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். நாங்களும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பக்கத்தில் ஒரு வியாபாரி, பெரிய இடத்து அம்மா போலிருக்கிறதே என்றார்.

முன்னால் தங்கவேல் ஈர வேட்டியோடு, கையில் தீச்சட்டி தொங்க வந்தார். பின்னால் பூ அலங்காரம் பண்ணின வண்டி. அதில் என் மாமியார். முகம் மட்டும் தெரிந்தது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. துளசியின் மூக்கு, அமலாவின் மூக்கு. அதைத்தான் பார்த்தேன். எனக்கும் அது முதல் தடவை.

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரை வந்து நின்றுவிடுவார்கள். அந்த முனை ஹோட்டலுக்கு நேர் எதிரே. வண்டி திரும்புவதற்காக நின்றது. பெண்கள் கூட்டமும் நின்றது. நடுவில் துளசி, தலை அவிழ்ந்து, இரண்டு பெண்கள் தோளைப் பிடித்திருக்க.

அவள் எங்களைப் பார்த்தாள். பார்வை எங்களைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தேன். யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் பேச்சு. போகவில்லை. தோளில் இருந்த கைகளை விலக்கிவிட்டு, கையை நீட்டினாள்.

"அமலா, வா கண்ணு. அம்முச்சியப் பாரு, வா."

பறைச் சத்தத்திலும் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். தங்கவேல் திரும்பினார். எத்தனை வருஷமாகவோ தெரிந்தும் தெரியாததுபோல இருந்த அத்தனை முகமும் எங்களைப் பார்த்தது.

நான் அமலாவின் கையை விட்டேன். முதுகில் கை வைத்து, போ கண்ணு, அம்மாகிட்டப் போ என்றேன். அவள் அசையவில்லை. மறுபடி சொன்னேன். அவள் எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"போகக் கூடாதுப்பா. அவங்களுக்குக் கஷ்டம் ஆயிரும்."

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியாவது போயிருப்பேன். அவள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி திரும்பியது. பறைக்காரர்கள் நகர்ந்தார்கள். நீட்டின கையோடு துளசி நின்றாள். கடைசிப் பூமாலையும் மரத்துக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் கையை இறக்கினாள்.

பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வா துளசி என்றார்கள். அவள் சாலையைக் கடந்து எங்களிடம் வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

செத்த வீட்டுத் தலைமுழுக்கை என் மனைவி ஹோட்டல் குளியலறையில் முழுகினாள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழேயிருந்து போன் செய்து, டிபன் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அமலா எழுந்து போய்க் கதவருகில் நின்றாள். தட்டலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தட்டினாள்.

"அம்மா, நான் வரலைன்னு கோவமா?"

உள்ளே குழாய் நின்றது.

"இல்ல கண்ணு," என்றாள் துளசி. "கூப்பிட எனக்குத்தான் நேரமாயிருச்சு."

அமலா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். துளசி வெளியே வரும்வரை அங்கேயே நின்றாள்.